உப்புப் பார்க்க ஆளில்லாத கிறிஸ்மஸ்

லூர்துமேரிக்குத் தன் கைமேல் இருந்த நம்பிக்கை கொஞ்சநஞ்சமல்ல. அரிசிக்குப் படி, எண்ணெய்க்குக் கரண்டி என்ற வழக்கமெல்லாம் அவள் அடுப்படியில் கிடையாது. எல்லாம் கைக்கணக்குதான். செகந்திராபாத் லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் அவள் வீட்டில் கறிக்குழம்பு கொதிக்கிறது என்றால், மூன்றாவது லைன்காரர்கள்கூட ஏதோ வேலை இருப்பதுபோல் அந்தப் பக்கம் நடந்துவிட்டுப் போவார்கள். "என் கைக்கு அளவு தெரியும்" என்று அவள் சொன்னால் யாரும் மறுத்துப் பேசுவதில்லை.

அந்தக் கை ஒரே ஒரு தடவைதான் அவள் காலை வாரிவிட்டது. வாரிவிட்ட நாளும் சாதாரண நாள் இல்லை. 1960ஆம் வருஷத்துக் கிறிஸ்மஸ்.

விஷயம் இதுதான். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் அவர்கள் குடும்பத்தில் ஒருசந்தி. பகலில் ஒரு வேளைச் சாப்பாடு, அதிலும் கறி, மீன், முட்டை எதுவும் நாக்கில் படக்கூடாது. ஆனால் மறுநாள் விடியற்காலைப் பூசை முடிந்து வீட்டுக்குள் கால் வைத்ததும் சுடச்சுட இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும் வேண்டும். ஆகவே முந்தின நாள் சாயங்காலமே குழம்பை வைத்து இறக்கிவிட வேண்டும். கிளறலாம், மோந்துகூடப் பார்க்கலாம். ஒரு சொட்டு ருசி பார்க்கக்கூடாது. இதெல்லாம் இனிமேல் கட்டாயமில்லை என்று சாமியார் பிற்பாடு கோயிலில் சொல்லித்தான் பார்த்தார். லூர்துமேரி கேட்டால்தானே.

அந்த 1960இல் பந்தியில் பன்னிரண்டு பேர். திருச்சிப் பொன்மலையிலிருந்து செல்லம்மா வந்திருந்தாள். லூர்துமேரியின் புருஷன் தியாகு ஒர்க்ஷாப்பில் ஃபிட்டர். செல்லம்மா அவனுக்கு ஒரே அக்கா, தாயில்லாத பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள். முதல் வாய் வைத்தாள், மென்றாள், நிறுத்தினாள். குழம்பில் உப்பே இல்லை. போட்டாயிற்று என்ற நினைப்பிலேயே லூர்துமேரி போடாமல் விட்டிருந்தாள்.

"என் தம்பி ஏன் இப்படி எளைச்சுப் போயிருக்கான்னு இப்பல்ல தெரியுது" என்றாள் செல்லம்மா, பன்னிரண்டு பேர் காதிலும் விழும்படி.

அதோடு விட்டிருக்கலாம். லூர்துமேரி எதைத்தான் விட்டாள்? "உப்பு கம்மியாத் தின்னா உடம்புதான் எளைக்கும் அண்ணி. ஜாஸ்தியாத் தின்னா நாக்கு நீண்டு போகும்."

செல்லம்மா எழுந்து கையைக் கழுவினாள். "இனிமே இந்த வீட்டுல நான் கை நனைச்சா என் பேரு செல்லம்மா இல்ல" என்று சொல்லிவிட்டு அன்றைக்கே ரயிலேறினாள். அதற்கப்புறம் ஐந்து கிறிஸ்மஸ் வந்து போனது. அவள் வரவில்லை.

தியாகு யாரையும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சாதாரண நாளிலேயே ஆறு இட்லி சாப்பிடுகிறவன், கிறிஸ்மஸ் காலையில் மட்டும் இரண்டோடு எழுந்து போய்விடுவான். அவன் சண்டை பிடித்திருந்தால் லூர்துமேரி பதிலுக்கு நாலு வார்த்தை பேசிக் கணக்கைத் தீர்த்திருப்பாள். பேசாமல் எழுந்து போனதுதான் அவளை உள்ளுக்குள் அரித்தது.

இந்த வருஷம், 1966 நவம்பரில், தியாகு ஒரு வாரம் லீவு போட்டுப் பொன்மலைக்குப் போனான். அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்துவிட்டான். "நீ வரலேன்னா நானும் இந்தக் கிறிஸ்மஸுக்குப் பச்சத் தண்ணி குடிக்க மாட்டேன்" என்றானாம். நாற்பது வயசு ஆம்பிளை கண்ணில் தண்ணீர் விட்டால் யாருக்குத்தான் மனசு இளகாது? "வர்றேன். சாப்பிடறதா வேணாமாங்கிறத அங்க வந்து பாத்துக்கறேன்" என்றாள் செல்லம்மா.

வந்தாள். இருபத்துநாலாம் தேதி காலை செகந்திராபாத் ஸ்டேஷனில் இறங்கி, ரிக்ஷாவில் வந்து, முன்னறையில் பெஞ்சில் உட்கார்ந்தாள். காபி கொண்டுபோனால் "ஒருசந்தி" என்றாள். தண்ணீர் கொடுத்தால் தன் கூஜாவைக் காட்டினாள். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பொன்மலையிலிருந்தே புளிசோறு கட்டிக்கொண்டு வந்திருந்தாள். சபதத்தை மீறவும் இல்லை, காப்பாற்றவும் இல்லை. ஒருசந்தியைக் கேடயமாகப் பிடித்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலையில் கேடயம் இருக்காது. அப்போது அவள் இந்த வீட்டில் கை நனைப்பாளா இல்லையா என்பதுதான் கேள்வி.

"நாளைக்கு உங்க அக்கா நாலு இட்லிக்குக் கம்மியா எந்திரிச்சா என்னைக் கேளுங்க" என்று தியாகுவிடம் சொல்லிவிட்டு லூர்துமேரி அடுப்படிக்குப் போனாள்.

சொன்னது சும்மா வீறாப்பு இல்லை. அந்த அவமானத்துக்குப் பிறகு அவள் ஒரு ஏற்பாடு செய்து வைத்திருந்தாள். பின்கட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் ஹமீதா பீ. அவள் புருஷன் ரயில்வேயில் பாயின்ட்ஸ்மேன். கிறிஸ்மஸுக்கு முந்தின நாள் சுவருக்கு மேலே ஒரு கிண்ணம் போகும்; ஹமீதா நக்கிப் பார்த்து, சரியாயிருந்தால் "ஹவ்" என்பாள், அல்லது இன்னும் கொஞ்சம் என்று விரலைக் காட்டுவாள். பதிலுக்கு ரம்ஜான் மாதம் முழுக்கச் சாயங்காலம் ஹமீதாவின் சட்டிக்கு உப்புப் பார்ப்பது லூர்துமேரி. இரண்டு பேருக்கும் கறி ஒரே காசிம் பாய் கடையில்தான். இத்தனை வருஷத்தில் ஒரு தடவையும் தப்பியதில்லை.

இந்த வருஷம் ரம்ஜான் டிசம்பரில் வந்து உட்கார்ந்துகொண்டது. பத்து நாளாக ஹமீதா வீட்டுக்கு உப்புப் பார்த்தவள் லூர்துமேரிதான். இருந்தும், இருபத்துநாலாம் தேதி என்ன நடக்கும் என்பது அன்றைக்கு மூன்று கிலோ கறியை அலசிக்கொண்டு நிற்கும்போதுதான் அவளுக்கு உறைத்தது. ஈரக் கையோடு சுவருக்கு ஓடினாள்.

"ஹமீதா, இன்னிக்கு உப்பு யாரு பார்க்கிறது?"

ஹமீதா பீ வயிறு குலுங்கச் சிரித்தாள். லைன் முழுக்கத் தமிழாள்கள் இருந்ததால் அவளுக்குத் தமிழ் தாராளமாக வரும், அவள் இஷ்டத்துக்கு வரும். "எனக்கும் ரோஜா, உனக்கும் ரோஜா, ரெண்டு பேருக்கும் நோன்பு. மேலே இருக்கிறவன் நம்ம ரெண்டு பேர் வாயும் ஒரே நாள்ல கட்டிப் போட்டுட்டான்!"

"சிரிக்காதடி. எங்க நாத்தனார் வந்து முன்னால உட்கார்ந்திருக்கா."

சிரிப்பு நின்றது. செல்லம்மாவின் கதை ஹமீதாவுக்கு மனப்பாடம். வேறு யார் இருக்கிறார்கள் என்று இரண்டு பேரும் யோசித்தார்கள். எதிர்வீட்டு வரதராஜன் குடும்பம் முட்டை ஓட்டைப் பார்த்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். லூர்துமேரியின் மகள் ஜெயமணி பத்து வயசுக்காரி, புதுநன்மை வாங்கிப் பெரியவர் கணக்கில் சேர்ந்தவள், அவளும் கறி தொடாத சுத்தபோசனம். இல்லாவிட்டாலும் பிரயோஜனமில்லை. எதைக் கொடுத்தாலும் தெலுங்கில் "பாகுந்தி", நன்றாயிருக்கிறது, என்பதைத் தவிர அவள் வாயில் வேறு தீர்ப்பு வராது.

"நான் இன்னிக்கு உப்பே போட மாட்டேன்" என்றாள் ஹமீதா. "ரெண்டு கிலோ கறி. சாப்பிடும்போது அவங்கவங்க தூவிக்கட்டும். ஜாஸ்தி ஆயிட்டா எங்க சாஸ், மாமியாரு, என்னைத் தூக்கிச் சட்டியில போட்டுடும். நீயும் போடாதே."

"உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளியா நானு? வேகும்போது உப்பு சேரலேன்னா கறி சப்புன்னு போயிடும். மூணு கை போட வேண்டிய எடத்துல ரெண்டு கை போட்டு வைக்கிறேன். நீ நோன்பு தொறந்துட்டு ஒரு எட்டு வந்து பாரு. மிச்ச ஒரு கைய உன் வாய்ச் சொல்படி போட்டுக்கறேன்."

"ஹவ், இது அக்கல் உள்ள பேச்சு" என்றாள் ஹமீதா. புத்தியுள்ள பேச்சுதான். அதில் ஓட்டை இருக்கிறது என்று யாருக்குத் தெரியும்?

லூர்துமேரி சின்ன வெங்காயத்தை வதக்கினாள், மல்லியும் மிளகும் வறுத்து அம்மியில் அரைத்தாள், கறியைப் பிரட்டி, தேங்காய் சேர்த்து, எண்ணி இரண்டு கை கல் உப்பைப் போட்டாள். நாலரை மணிக்குக் கறி பூப்போல வெந்துவிட்டது. விறகை இழுத்துத் தணலை மட்டும் விட்டுவிட்டு, முக்காடு போட்டுக்கொண்டு பாவசங்கீர்த்தனத்துக்குக் கிளம்பினாள்.

கோயிலில் ஒரு காரியம் செய்தாள். அந்த 'நாக்கு நீண்டு போகும்' என்ற வாக்கியத்தை அவள் இதுவரை பாவமாகச் சொன்னதில்லை. உண்மையைச் சொன்னது எப்படிப் பாவமாகும் என்பது அவள் கட்சி. அன்றைக்கு முதல் தடவையாக அதைச் சாமியாரிடம் சொன்னாள். தாய்க்குத் தாயாக இருந்தவளைப் பந்தியிலிருந்து எழுப்பி அனுப்பிவிட்டோமே என்று அப்போதுதான் நிஜமாகவே வெட்கப்பட்டாள். அபராதமாகக் கொடுத்த ஜெபத்தை ஒன்றுக்கு இரண்டாகச் சொல்லி முடித்து, மனசு லேசாகி வீட்டுக்கு வந்தாள்.

நோன்பு திறந்து, தொழுகையை முடித்துக்கொண்டு ஹமீதா பின்வாசல் வழியாக வந்தாள். லூர்துமேரி ஒரு கரண்டி குழம்பைக் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தாள். ஹமீதா வாயில் வைத்தாள். கண் இரண்டும் பிதுங்கியது.

"யா அல்லா! மேரி, இது குழம்பா, மசூலிப்பட்டணத்துச் சமுத்திரமா?"

லூர்துமேரி நம்பவில்லை. இன்னொரு கரண்டி கொடுத்தாள். "நக்கோ, நக்கோ" என்று ஹமீதா வாயைப் பொத்திக்கொண்டு தண்ணீர்க் குடத்தைத் தேடினாள்.

இரண்டு கை உப்பில் சமுத்திரம் வராது. லூர்துமேரி திரும்பினாள். தியாகு அடுப்படி வாசலில் நின்றுகொண்டிருந்தான், திருட்டு முழியோடு.

"ஏங்க?"

"ஒரு கைதான் போட்டேன்" என்றான். "அன்னிக்கு மாதிரி மறந்திருப்பியோன்னு பயந்துட்டேன். அக்கா முன்னால மறுபடியும்..."

"ஒரு கைதானா?"

"மாதா மேல சத்தியமா."

இரண்டும் ஒன்றும் மூன்று. மூன்று கைதான் சரியான அளவே. அப்படியானால் மேற்கொண்டு போட்டது யார்? லூர்துமேரி உப்பு ஜாடியைப் பார்த்தாள். மூடி தலைகீழாகக் கிடந்தது. அந்த வீட்டில் மூடியைத் தலைகீழாக வைக்கிற ஆள் கிடையாது. முன்னறையில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற ஆளைத் தவிர.

அவள் உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. ஆறு வருஷம் மனசில் கருவிக்கொண்டு வந்து குழம்பைக் கெடுத்துவிட்டாள்! நாளைக்கு ஒரு வாய் வைத்துவிட்டு, தூவென்று துப்பி, ஊருக்கே சொல்லிக்கொண்டு ரயிலேறுவதற்குத்தான் இந்த வருகை! புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். அங்கே செல்லம்மா, குடில் பார்க்கக் கோயிலுக்குக் கிளம்புவதற்காக ஜெயமணிக்கு ரிப்பன் கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன?" என்றாள் செல்லம்மா, நிமிர்ந்து பார்த்து.

கேட்க வேண்டியதெல்லாம் லூர்துமேரியின் நாக்கு நுனியில் வரிசையாக நின்றது. ஆனால் பாவசங்கீர்த்தனம் பண்ணி முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. அதுவும் இதே பாவத்துக்கு.

"ஒண்ணுமில்ல அண்ணி. குடில் ஜோரா வச்சிருக்காங்க. நிதானமாப் பாத்துட்டு வாங்க" என்றாள். அந்த வார்த்தைகளைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்கு வியர்த்துவிட்டது.

அடுப்படியில் தியாகு தலையில் கை வைத்துக் குந்தியிருந்தான். "உருளைக்கிழங்கு வெட்டிப் போட்டா உப்ப இழுத்துக்குமாம்" என்றான்.

"கிறிஸ்மஸுக்கு உருளைக்கிழங்குக் குழம்பா? நாலு கிலோ கிழங்கு போட்டாலும் இதுக்குப் பத்தாது." லூர்துமேரி இடுப்பில் கை வைத்துக்கொண்டு குழம்புச் சட்டியைப் பார்த்தாள். பிறகு ஹமீதாவைப் பார்த்தாள். "உன் சட்டியில நெசமாவே உப்புப் போடலியா?"

"ஒரு கல்லுகூட இல்லே. எங்க வீட்டுல இன்னும் சாப்பாட்டுக்கு உட்காரலே. பேரீச்சம்பழமும் கஞ்சியும்தான் ஆச்சு" என்ற ஹமீதா, சொல்லிக்கொண்டிருக்கும்போதே புரிந்துகொண்டாள். இரண்டு பேரும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள்.

"தியாகு பாய், ஓடு. சட்டியைத் தூக்கு!"

தியாகு பின்வாசல் வழியாக ஓடி ஹமீதா வீட்டுக் கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். லூர்துமேரி பெரிய பித்தளை அண்டாவை எடுத்து வைத்தாள். அவள் குழம்பு மூன்று கிலோ, ஹமீதாவின் குழம்பு இரண்டு கிலோ, இரண்டையும் ஒன்றாகக் கவிழ்த்தாள். திருச்சி மிளகும் ஹைதராபாத் தயிரும் புதினாவும் ஒன்றோடொன்று சேர்ந்து கொதித்தபோது எழுந்த வாசனையை லூர்துமேரியே அதற்கு முன் மோந்ததில்லை. நாக்கு ஊறியது. மாதாவை வேண்டிக்கொண்டு எச்சிலை விழுங்கினாள்.

கால்மணி கழித்து ஹமீதா ருசி பார்த்தாள். கிண்ணத்தை மறுபடியும் நீட்டினாள். மூன்றாம் தடவை நீட்டியபோது லூர்துமேரி அவள் கையைத் தட்டிவிட்டாள்.

"உப்புப் பார்க்கிறியா, சாப்பாடே முடிக்கிறியா?"

"ரெண்டும்தான். எல்லாம் டக்கரா இருக்கு. எங்க சாஸ் இன்னிக்கு என்னைக் கட்டிப்பிடிச்சு முத்தம் குடுக்கும்" என்றாள் ஹமீதா. தன் பங்கைச் சட்டியில் வாங்கிக்கொண்டு போனாள். செல்லம்மாவும் ஜெயமணியும் குடில் பார்த்துவிட்டு வந்தபோது அண்டா மூடியிருந்தது, அடுப்படி மெழுகியிருந்தது.

விடியற்காலைப் பூசை முடிந்து வந்தார்கள். இந்தத் தடவை வெளியாட்கள் யாரையும் கூப்பிடவில்லை. பாய் விரித்து, பீங்கான் தட்டு வைத்து, நடுவில் கல்கலாவும் அச்சுமுறுக்கும் கேக்கும் அடுக்கி, லூர்துமேரி இட்லியை எடுத்துக்கொண்டு வந்தாள். அவளுக்குக் குழம்பில் சந்தேகமில்லை. அதை மகாராணிக்கே வைக்கலாம். நாத்தனார் மனசில்தான் சந்தேகம்.

செல்லம்மா தட்டின் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் இட்லியைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தியாகு தன் தட்டைத் தொடவில்லை.

செல்லம்மா சிலுவை போட்டுக்கொண்டாள். இட்லியைப் பிய்த்தாள், குழம்பில் தோய்த்தாள், வாயில் வைத்தாள். மென்றாள். இரண்டாவது வாய். மூன்றாவது வாய். முகத்தில் மெதுவாக ஒரு பெருமை ஏறியது.

"உப்பு எப்படிடா இருக்கு, தம்பி?"

தியாகு அவசரமாக ஒரு வாய் போட்டுக்கொண்டான். "சரியா இருக்குக்கா."

"இருக்காதா பின்ன? போட்டது யாரு?" செல்லம்மா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "நேத்து இவ கோயிலுக்குப் போனப்ப நான்தான் ரெண்டு கை அள்ளிப் போட்டேன். நீ வாசல்ல நட்சத்திரம் கட்டிக்கிட்டு இருந்தே. ரெண்டு பேருக்குமே தெரியாது. அளவுன்னா அது அளவு!"

தியாகுவின் கை பாதி வழியில் நின்றுவிட்டது. அவன் பெண்டாட்டியைப் பார்த்தான். லூர்துமேரிக்குச் சுருக்கென்று ஏறியது. 'அளவா? அந்த அளவை ஹமீதா பீயிடம் போய்க் கேளுங்கள்' என்று எடுத்த எடுப்பில் சொல்லிவிடலாம். ஒரே வாக்கியம். லாலாகுடா முழுக்க அவள் கைதான் கை என்று மறுபடியும் ஊர்ஜிதமாகிவிடும். அவள் வாயைத் திறந்தேவிட்டாள்.

செல்லம்மா தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்: "மறுபடியும் சப்புன்னு இருந்துச்சுன்னு வையி, என் வாயி சும்மா இருக்காது. எனக்கே தெரியும். அப்புறம் இன்னும் ஆறு வருசம் போயிடும். அவ்வளவு வருசம் எனக்கு இருக்கோ என்னமோ. இன்னிக்கு எந்தம்பி வீட்டுல நான் சாப்பிட்டே தீரணும்னுதான் போட்டேன்."

லூர்துமேரி திறந்த வாயை மூடினாள். நேற்று இந்த மனுஷியைப் பற்றி என்னவெல்லாம் நினைத்தோம் என்று நினைத்தபோது அவளுக்கு அழுகை முட்டியது. அழுதால் காரணம் சொல்ல வேண்டிவரும். குனிந்து, செல்லம்மாவின் தட்டில் நாலாவது இட்லியை வைத்து, கறியாகப் பார்த்து அள்ளி ஊற்றினாள்.

"அதான பாத்தேன் அண்ணி. என் கைக்கு இது வராதேன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன். நீங்க போடலேன்னா இன்னிக்கும் மானம் போயிருக்கும்."

தியாகுவுக்குப் புரையேறியது. லூர்துமேரி அவன் தலையில் தட்டிய தட்டு, புரைக்குத் தட்டியது மட்டும் அல்ல.

"மசாலாகூட ஏதோ புதுசா மணக்குது" என்றாள் செல்லம்மா, எலும்பை உறிஞ்சிக்கொண்டே. "அது உன் கை. அதை நான் குறை சொல்ல மாட்டேன். உப்புதான் உனக்கு வராது. அடுத்த வருசம் நீ அந்த ஜாடிப் பக்கமே போகாத. நான் வந்து போட்டுக்கறேன்."

"சரி அண்ணி" என்றாள் லூர்துமேரி. தியாகு ஏழாவது இட்லிக்குத் தட்டை நீட்டிக்கொண்டிருந்தான். அவள் மறுபடியும் இட்லி எடுக்க உள்ளே போனாள்.